உடல் வலியும் மன வலியும் மூளையில் ஒன்றுதானா? ஸ்கேன் படத்தை நம்பலாமா?

செங்காந்தள்

சைபர்பால் ஆய்வு இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். 2003-ல் சயின்ஸ் இதழில் வந்தது. 13 பேர், எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் (மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படமாக்குவது) படுத்தபடி கணினியில் பந்து விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் மற்ற இரு ஆட்டக்காரர்களும் இவருக்குப் பந்தே தராமல் ஒதுக்கிவிடுவார்கள். அப்போது முன் சிங்குலேட் புறணியின் (மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய முன்பகுதி) மேற்பகுதியில் சமிக்ஞை கூடியது. அதிகம் நொந்துபோனதாகச் சொன்னவர்களிடம் அதிகமாகவே கூடியது. 2011-ல் காதல் முறிந்த 40 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. பிரிந்தவரின் படத்தைப் பார்க்கும்போது இரண்டாம் நிலை உடலுணர்வுப் புறணியும் (தொடுதல், வலி போன்ற உடலுணர்வுகளைக் கையாளும் பகுதி) பின் இன்சுலாவும்கூட (மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் இருக்கும் பகுதி) சூட்டு வலியின்போது போலவே தூண்டப்படுகின்றன என்றது.

அன்றிலிருந்து "நிராகரிப்பும் சூடும் மூளைக்கு ஒன்றுதான்" என்று எல்லாப் பக்கமும் எழுதிவிட்டார்கள். இது இன்றைக்கும் நிற்கிறதா என்பது முதல் கேள்வி.

இரண்டாவது, கீழே உள்ள வரைவில் எங்கெங்கே ஓட்டை என்று சொல்லுங்கள். 3 டெஸ்லா (காந்தப்புல வலிமை) ஸ்கேனர், 20 பேர். இடது முன்கையின் உட்புறத்தில் 30×30 மி.மீ. தெர்மோட் (தோலைச் சூடாக்கும் தகடு). அடிப்படை வெப்பம் 32 டிகிரி, வலிக்கு எல்லோருக்கும் 47 டிகிரி, 10 விநாடி. ஒப்பீட்டுக்கு 38 டிகிரி இளஞ்சூடு. இதோடு அருவருப்பான படங்கள் ஒரு தொகுதி. ஒவ்வொரு தூண்டலும் முடிந்த உடனே பொத்தானில் 0–100 மதிப்பெண். கடைசியில் முன் சிங்குலேட் பகுதியின் சராசரியை எடுத்து, சூட்டையும் படத்தையும் ஒப்பிடுவது.

முள்ளந்தண்டு

முதல் கேள்விக்கு வருமுன், வலி என்பது மூளையில் ஒற்றைப் பொருள் அல்ல என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தோலில் டிஆர்பிவி1 போன்ற ஏற்பிகள் 43 டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்குகின்றன. (2021 நோபல் பரிசில் பாதி இந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்குத்தான்.) சமிக்ஞை இரண்டு வகை இழைகளில் ஏறும். மெல்லிய மயலின் உறை கொண்ட ஏ-டெல்டா இழை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். உறையே இல்லாத சி இழை 2 மீட்டருக்கும் குறைவு. சுட்டவுடன் சுரீர் என்பது முன்னது. ஒரு விநாடி கழித்து மெல்லப் பரவும் எரிச்சல் பின்னது. தண்டுவடத்தின் பின்கொம்பில் அடுத்த நியூரானுக்கு மாறி, பெரும்பகுதி எதிர்ப்பக்கம் தாண்டி மேலே போகிறது.

மேலே போனபின் கிளை பிரிகிறது. தலாமஸின் (மூளையின் நடுவிலுள்ள புலன் இடைநிலையம்) பக்கவாட்டுக் கருக்கள் வழியாக முதல், இரண்டாம் நிலை உடலுணர்வுப் புறணிக்கு ஒன்று: எங்கே, எவ்வளவு, என்ன மாதிரி என்ற கணக்கு. தலாமஸின் பின்பகுதியிலிருந்து பின் இன்சுலாவுக்கு இன்னொன்று. உட்புறக் கருக்கள் வழியாகச் சிங்குலேட் புறணிக்கு ஒன்று. தலாமஸைத் தொடாமல் மூளைத்தண்டின் பாராபிரேக்கியல் கரு வழியாக நேரே அமிக்டலாவுக்கு (அச்சம் போன்ற உணர்ச்சிகளில் பங்கெடுக்கும் பகுதி) ஒன்று. 1968-லேயே மெல்ஸாக்கும் கேசியும் இதை மூன்று பரிமாணமாகப் பிரித்துவிட்டார்கள்: புலன் சார்ந்தது, உணர்ச்சி–உந்துதல் சார்ந்தது, மதிப்பீடு சார்ந்தது. இன்றுவரை யாரும் அதைத் தூக்கி எறியவில்லை, எல்லைகளை மட்டும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று 1997-ல் ரேன்வில் குழு செய்தது. 47 டிகிரி நீரில் கை. வெப்பம் மாறவில்லை. ஹிப்னாஸிஸ் மூலம் 'இது அவ்வளவு தொல்லையாக இல்லை' அல்லது 'மிகவும் தொல்லையாக இருக்கிறது' என்று மட்டும் கூறினார்கள். முன் சிங்குலேட்டின் செயல்பாடு தொல்லையோடு சேர்ந்து ஏறி இறங்கியது. முதல் நிலை உடலுணர்வுப் புறணி அசையவில்லை. நான்கு ஆண்டு கழித்து அதே வட்டத்தினர் தொல்லையை விட்டுவிட்டு வலியின் அளவைப் பற்றிக் கூறியபோது, உடலுணர்வுப் புறணி மாறியது.

மூளைச் சேதமும் இதையே காட்டுகிறது. 1999-ல் பதிவான ஒரு நோயாளிக்குப் பக்கவாதத்தில் வலப்பக்க உடலுணர்வுப் பகுதிகள் போய்விட்டன. இடது கையில் லேசரை வைத்தால், எங்கே என்று சொல்ல முடியவில்லை, சூடா குத்தலா என்றும் சொல்ல முடியவில்லை, ஆனால் ஏதோ ஒன்று விரும்பத்தகாததாக இருக்கிறது, தவிர்க்க வேண்டும் என்றார். தொல்லை இருக்கிறது, புலன் இல்லை. நேர்மாறு 1928-லேயே விவரிக்கப்பட்ட வலி அசிம்போலியா: வலிக்கிறது என்பார்கள், கையை எடுக்க மாட்டார்கள், சிலர் சிரிப்பார்கள். அங்கே சேதம் பெரும்பாலும் இன்சுலாவைச் சுற்றி.

எலியில் 2019-ல் இன்னும் துல்லியமாகச் செய்தார்கள். அமிக்டலாவின் அடி–பக்கப் பகுதியில் வலித்தூண்டலுக்கு இயங்கும் நியூரான் கூட்டத்தை மட்டும் அமைதிப்படுத்தினார்கள். காலை வெடுக்கென்று இழுக்கும் அனிச்சை அப்படியே இருந்தது. காலை நக்குவது, தப்பி ஓட முயல்வது, அடுத்தமுறை அந்த இடத்தைத் தவிர்ப்பது இவை குறைந்தன.

ஒரு எச்சரிக்கை. பக்கவாட்டுப் பாதை என்றால் புலன், உட்பாதை என்றால் உணர்ச்சி என்று கோடு கிழித்துவிடாதீர்கள். இன்சுலா இரண்டு பக்கமும் நிற்கிறது. வலிப்பு நோயாளிகளின் புறணியை நேரடியாக மின்தூண்டல் செய்த 164 பேரின் பதிவில், 4160 தூண்டல்களில் வலி வந்தது 1.4% மட்டுமே. அதுவும் குவிந்தது இரண்டாம் நிலை உடலுணர்வுப் பகுதியின் உள்விளிம்பிலும் பின் இன்சுலாவிலும். 'வலி மையம்' என்ற ஒன்றைத் தேடுபவர்கள் இந்த எண்ணை முதலில் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை

முதல் கேள்விக்கு என் பதில்: 2003, 2011 ஆய்வுகளின் தரவு பொய் இல்லை. அதிலிருந்து இழுத்த முடிவுதான் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சு.

வலி வந்தால் முன் சிங்குலேட் தூண்டப்படும். சரி. முன் சிங்குலேட் தூண்டப்பட்டால் வலி என்று பொருளா? இந்த எதிர்திசை ஊகத்தைப் பற்றி 2006-ல் போல்ட்ராக் எழுதியது இன்றும் செல்லும். அந்தப் பகுதி வேறு எதற்கும் மசியாமல் இருந்தால்தான் ஊகம் நிற்கும். சிங்குலேட்டோ எதற்கும் மசியும்: பிழை செய்தால், இரண்டு விடைகளில் தடுமாறினால், திடீரென்று சத்தம் கேட்டால், பரிசு தவறினால். 2015-ல் அந்தப் பகுதி வலிக்கே உரியது என்று முந்தைய ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்புத் தரவை வைத்து வாதிட்டார்கள். அந்தத் தொகுப்பை உருவாக்கியவரே சேர்ந்து அடுத்த ஆண்டு மறுத்தார். பெயரிலும் குழப்பம் உண்டு. ஒருவர் முன் சிங்குலேட்டின் மேற்பகுதி என்பதை இன்னொருவர் நடு சிங்குலேட்டின் முன்பகுதி என்பார். ஆயத்தொலைவு எண்களைப் பாருங்கள், பெயரை நம்பாதீர்கள்.

'வலி அணி' என்று படம் போடுகிறார்களே, தலாமஸ், இன்சுலா, சிங்குலேட், உடலுணர்வுப் புறணி சேர்ந்த அந்தக் கூட்டம், அது வலிக்கு மட்டுமல்ல, கவனத்தைப் பிடித்து இழுக்கும் எதற்கும் இயங்கும் என்பது இயானெட்டி, மூரோ வழி வந்த வாதம். அதற்கு வலுவான ஆதாரம் 2016-ல் வந்தது. பிறவியிலேயே வலி அறியாத இருவரை ஸ்கேனரில் வைத்துத் தீங்கு தரும் அளவுக்குத் தூண்டினார்கள். வலி அறவே இல்லை. 'வலி அணி' மட்டும் இயல்பானவர்களிடம் போலவே இயங்கியது. இதற்குப் பிறகு ஒரு படத்தைக் காட்டி 'பார், வலிக்கிறது' என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்று: 3 மி.மீ. வோக்ஸல் (ஸ்கேன் படத்தின் மிகச் சிறிய கனசதுரம்) ஒன்றில் 27 கன மி.மீ. புறணி, அதாவது பல லட்சம் நியூரான்கள். இரண்டு வெவ்வேறு நியூரான் கூட்டங்கள் ஒரே வோக்ஸலில் கலந்து கிடந்தால் சராசரி இரண்டுக்கும் ஒன்றாகவே ஏறும். அதனால்தான் சராசரியை விட்டு வோக்ஸல்களுக்கிடையே உள்ள ஏற்ற இறக்க வடிவத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. 2014-ல் சூட்டையும் நிராகரிப்பையும் அப்படிப் படித்தபோது, ஒரே பகுதிகளுக்குள்ளேயே இரண்டின் வடிவமும் தனித்தனியாகப் பிரிந்தது. சூட்டில் பயிற்றுவித்த வடிவம் நிராகரிப்பைக் கண்டுகொள்ளவில்லை, நிராகரிப்பின் வடிவம் சூட்டைக் கண்டுகொள்ளவில்லை. கவனியுங்கள், 2011 கட்டுரையின் முதல் ஆசிரியரும் அந்தக் குழுவில் இருந்தார். 2018-ல் 18 ஆய்வுகளின் 270 பேரை ஒன்றாகப் போட்டு, வலி, அறிவுசார் கட்டுப்பாடு, எதிர்மறை உணர்ச்சி மூன்றுக்கும் நடு நெற்றிப் புறணியில் தனித்தனி வடிவம் இருப்பதைக் காட்டினார்கள்.

ஆகவே "ஒரே இடம்" என்பது 3 மி.மீ. அளவில் ஓரளவு உண்மை. "ஒரே செயல்" என்பதற்கு ஆதாரம் இல்லை.

எதிர்க்காற்று

கொஞ்சம் பொறுங்கள். வடிவம் வேறு என்றவுடன் மன வலி வெறும் உவமை ஆகிவிடுமா? தாயைப் பிரிந்த குட்டிகளின் கதறலை மிகக் குறைந்த அளவு மார்ஃபின் அடக்குகிறது. 1970-களிலேயே பாங்க்ஸெப் காட்டியது. 2013-ல் பெட் ஸ்கேனில் (கதிரியக்கச் சுவடுப்பொருளைப் பின்தொடரும் படமெடுப்பு), சமூக நிராகரிப்பின்போது மனித மூளையில் மியூ-ஓபியாய்டு அமைப்பு (மார்ஃபின் போன்றவை செயல்படும் ஏற்பி அமைப்பு) இயங்குவதைப் பார்த்தார்கள். 2010-ல் மூன்று வாரம் தினமும் பாராசிட்டமால் எடுத்தவர்களிடம் அன்றாட மனக்காயம் குறைந்ததாகச் சொன்னார்கள். வேதியியல் ஒன்றாக இருக்கும்போது வோக்ஸல் வடிவம் மட்டும் பேசுவது ஒருதலைப்பட்சம்.

கணக்குப்பிள்ளை

உவமை என்று சொல்லவில்லை. நிராகரிப்பு மூளையில் நிஜமாக நடக்கும் நிகழ்வுதான், அது வலி என்ற நிகழ்வுதானா என்பதே கேள்வி.

ஓபியாய்டு வாதத்தில் அதே எதிர்திசை ஊகம் வேறு வேடத்தில் வருகிறது. மியூ ஏற்பிகள் மூச்சைக் கட்டுப்படுத்துகின்றன, குடல் அசைவைக் கட்டுப்படுத்துகின்றன, சுவையின் இன்பத்தில் பங்கெடுக்கின்றன. ஓபியாய்டு மலச்சிக்கல் உண்டாக்குவதால் மலச்சிக்கலும் வலியும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. பாராசிட்டமால் விஷயத்தில் பின்னால் வந்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதன் மேல் கோட்டை கட்ட வேண்டாம்.

மயக்கவியல்_மேசை

நடுநிலையாக ஒன்று: உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய வரையறையே வலியை 'விரும்பத்தகாத புலன் மற்றும் உணர்ச்சி அனுபவம்' என்கிறது. திசுச் சேதம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, அதை ஒத்திருந்தாலும் போதும் என்று சேர்த்திருக்கிறார்கள். 20 டிகிரி, 40 டிகிரிக் கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கி அதன்மேல் கையை வைத்தால் எரியும். தனித்தனியாக இரண்டும் துன்புறுத்தாதவை. 1996-ல் இதையே ஸ்கேனரில் வைத்துப் பார்த்தார்கள், முன் சிங்குலேட் இயங்கியது. காயம் இல்லை, வலி உண்டு. அதே சமயம் காயம் மட்டும் இருந்து வலி இல்லாத நிலையும் உண்டு. எனவே வலிக்குக் காயம் அளவுகோல் ஆகாது, ஸ்கேனும் ஆகாது. இன்றைக்கு அளவுகோல் நோயாளி சொல்வதுதான்.

ஸ்கேனர்_கன்சோல்

தத்துவம் அங்கேயே ஓடட்டும், இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செங்காந்தள், வரைவு அப்படியே ஸ்கேனருக்குப் போனால் கிடைக்கும் தரவில் பாதியைத்தான் பயன்படுத்த முடியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்லோருக்கும் 47 என்பது முதல் கோளாறு. ஒருவருக்கு 47 என்பது 80 மதிப்பெண், இன்னொருவருக்கு 15. ஒருவர் பல்லைக் கடிப்பார், ஒருவர் தூங்குவார். ஸ்கேனுக்கு முன்னால் அளவீட்டு அமர்வு வையுங்கள். 44 முதல் 49 வரை அரை டிகிரி அல்லது ஒரு டிகிரி இடைவெளியில், வரிசை கலைத்து, ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று தடவை. வெப்பத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் கோடு பொருத்தி, 30, 50, 70 மதிப்பெண் தரும் வெப்பத்தை அவரவருக்கு எடுங்கள். கோடு பொருந்தவே இல்லை என்றால், அதாவது வெப்பம் ஏறியும் மதிப்பெண் தாறுமாறாகப் போனால், அவரைச் சேர்க்காதீர்கள். 49-ஐ மேல்வரம்பாக நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஒரே அளவு வலியா, ஒரே அளவு வெப்பமா எது நிலையாக இருக்கப்போகிறது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

தெர்மோட் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடம் மரத்துப்போகும், உடல் முழுக்கவோ உணர்திறன் கூடும். இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிராக நடக்கும். முன்கையில் நான்கு இடங்களைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (ஸ்கேன் பதிவின் ஒரு சுற்று) இடம் மாற்றுங்கள். புதிய இடத்தில் முதல் தூண்டல் எப்போதும் கூடுதலாகச் சுடும். அதைக் கணக்கில் எடுக்காத தூண்டலாக வைத்துவிடுங்கள். பட்டையின் இறுக்கமும் முக்கியம். தளர்வாகக் கட்டினால் தெர்மோட்டின் ஒரு ஓரம் தூக்கி, 9 சதுர செ.மீ.க்குப் பதில் பாதிப் பரப்புதான் தோலைத் தொடும், மதிப்பெண் திடீரென்று சரியும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். படுக்கை உள்ளே நகர்ந்தபின் கேபிள் இழுபட்டுத் தெர்மோட் திரும்பிக்கொள்வதும் உண்டு. கேபிளை முழங்கைக்கு மேலே ஒரு முறை டேப் போட்டு நிறுத்துங்கள்.

உடனே மதிப்பெண் கேட்பது மூன்றாவது கோளாறு. ரத்த ஓட்டச் சமிக்ஞை உச்சத்துக்கு வரவே 5–6 விநாடி ஆகும், அடங்க 20 விநாடி. வலியின் வாலும் பொத்தான் அழுத்தும் இயக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இடையில் 5 முதல் 10 விநாடி, ஒவ்வொரு முறையும் மாறும் இடைவெளி விடுங்கள். தூண்டலுக்கு முன் குறிப்பு காட்டினால் அங்கேயும் அப்படியே. இல்லாவிட்டால் எதிர்பார்ப்பும் வலியும் பிரியாது.

நான்காவது, 38 டிகிரி ஒப்பீடு. இளஞ்சூடு யாரையும் உலுக்காது. 47 கழித்தல் 38 என்றால் கிடைப்பது வலி மட்டுமல்ல. கவனம், பதற்றம், மூச்சுப் பிடிப்பு எல்லாம் சேர்ந்தது. 2022-ல் வந்த ஆய்வில் 55 பேருக்குச் சூடு, அழுத்தம், மோசமான ஒலி, மோசமான படம் நான்கையும் ஒவ்வொன்றும் நான்கு நிலையில் கொடுத்தார்கள். நான்குக்கும் பொதுவான ஒரு வடிவமும், ஒவ்வொன்றுக்கும் உரிய தனி வடிவமும் கிடைத்தன. அந்த அமைப்பைப் பின்பற்றுங்கள். குறைந்தது, தொல்லை மதிப்பெண்ணில் சூட்டுக்குச் சமமான ஒலி ஒன்றாவது வேண்டும். படம் மட்டும் போதாது, கண்ணை மூடினால் முடிந்தது.

மூச்சு பற்றிச் சொன்னேன், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வலியில் மூச்சைப் பிடித்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி, மூளை முழுக்க ரத்தக் குழாய் விரிந்து சமிக்ஞை கூடும். நியூரானுக்கு அதில் பங்கே இல்லை. மார்புப் பட்டை, விரல் நாடி இரண்டையும் பதிவு செய்யாமல் வலி ஆய்வு தொடங்காதீர்கள். தலை அசைவும் வலியோடு சேர்ந்தே வரும், தற்செயலாக வராது. ஆகவே அசைவைத் திருத்தினால் வலியின் சமிக்ஞையும் கொஞ்சம் போகும், திருத்தாவிட்டால் பொய்ச் சமிக்ஞை நிற்கும். கன்னத்துக்கு இருபுறமும் மெத்தை வைத்து அசைவைக் குறைப்பதுதான் வழி, கணினியில் செய்வது இரண்டாம் பட்சம்.

நடுமூளையில் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் பிஏஜி பகுதியைப் பார்க்கும் ஆசை இருந்தால் 3 மி.மீ. வோக்ஸலை மறந்துவிடுங்கள். அது குறுக்கே ஏறத்தாழ 5 மி.மீ., நடுவில் திரவக் குழாய், பக்கத்தில் துடிக்கும் தமனிகள். 2 மி.மீ.க்குக் கீழே போக வேண்டும், முடிந்தால் 7 டெஸ்லா. கண்குழிக்கு மேலே உள்ள நெற்றிப் புறணியில் காற்றறை காரணமாகச் சமிக்ஞை தேய்ந்துவிடும். அடுக்குகளைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, எதிரொலி நேரத்தை (துடிப்புக்கும் சமிக்ஞை வாசிப்புக்கும் இடையிலான நேரம்) 30 மி.விநாடிக்கு மேல் போகவிடாமல் வைத்தால் ஓரளவு மீட்கலாம்.

செங்காந்தள்

விரிவான பதிலுக்கு நன்றி சார். மதிப்பெண்ணில் வலியின் அளவு, தொல்லை இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் பங்கேற்பவர்கள் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தானே தருவார்கள்?

முள்ளந்தண்டு

விளக்காமல் கேட்டால் தருவார்கள். டொனால்ட் பிரைஸ் குழு பயன்படுத்திய ரேடியோ விளக்கம் இன்றும் நன்றாக வேலை செய்கிறது: சத்தம் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பது வேறு, அந்தப் பாட்டைக் கேட்பது எவ்வளவு பிடிக்கவில்லை என்பது வேறு, மெல்லிய சத்தத்திலும் சகிக்க முடியாத பாட்டு இருக்கலாம். இதைச் சொல்லி, பின் இரண்டு கோட்டளவுகளை இரண்டு தனித் திரையில் காட்டுங்கள். ஒரே திரையில் காட்டினால் முதல் குறியைப் பார்த்தே இரண்டாவதை வைப்பார்கள். திரை வரிசையைப் பாதிப் பேருக்கு மாற்றிவிடுங்கள். கோட்டின் முனைகளுக்கும் வேறு சொற்கள் வேண்டும்.

சூட்டு வலியில் இரண்டும் இறுக்கமாகப் பிணைந்தே வரும், பயப்பட வேண்டாம். பிரிக்க வேண்டும் என்றால் தூண்டலையே மாற்றுங்கள். குளிர்நீர் வலியில் தொல்லை, வலியின் அளவைவிடக் கூடுதலாக இருக்கும். 1–4 டிகிரி நீர், அதிகபட்சம் 2–3 நிமிடம். ஆனால் நீரைச் சுழற்ற பம்ப் வேண்டும். நின்ற நீரில் கையைச் சுற்றி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான படலம் உருவாகி, தெர்மாமீட்டர் 2 காட்டும்போதும் தோலுக்கு அந்தக் குளிர் போய்ச் சேராது. ஸ்கேனருக்குள் இது கஷ்டம், வெளியே நடத்தை அளவீட்டுக்கு நல்லது.

எதிர்க்காற்று

இஇஜி-யில் (தலைமேல் மின்வாய் வைத்து மூளை மின்னலைகளைப் பதிவது) செய்தால் இத்தனை தலைவலி இல்லையே? நேரம் துல்லியமாகக் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை

நேரம் கிடைக்கும். லேசர் தட்டியதும் 200 முதல் 350 மி.விநாடிக்குள் உச்சந்தலையில் பெரிய எதிர்–நேர் அலை வரும், அழகாக இருக்கும். ஆனால் 2008-ல் ஒரே வலுவுள்ள லேசரை ஒரு விநாடி இடைவெளியில் மூன்று தடவை தட்டினார்கள். மூன்றும் ஒரே அளவு வலித்தது. இரண்டாவது, மூன்றாவதற்கு அலை வெகுவாகச் சுருங்கியது. புதுமைக்குத் தலையாட்டும் அலையை வலியின் அளவு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது. காமா அலைகள் (வேகமாகத் துடிக்கும் மூளை மின்னலைகள்) வலி மதிப்பெண்ணோடு நெருக்கமாகப் போகின்றன என்கிறார்கள். அங்கே தாடை, நெற்றித் தசையின் மின்சாரமும் அதே அலைவரிசையில் வரும். வலித்தால் முகம் சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மயக்கவியல்_மேசை

எதிர்பார்ப்பு பற்றி யாரும் தொடவில்லை. அது கட்டுப்படாவிட்டால் மேலே சொன்ன அத்தனை நுணுக்கமும் வீண்.

1978-ல் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் காட்டியது: பிளாசிபோவால் (மருந்தில்லாத போலி மருந்து) வலி குறைந்தவர்களுக்கு நாலோக்சோன் (ஓபியாய்டைத் தடுக்கும் மருந்து) கொடுத்தால் வலி திரும்புகிறது. அதாவது மூளை தன் சொந்த ஓபியாய்டை விடுகிறது. பாதையும் தெரியும். நெற்றிப் புறணியும் சிங்குலேட்டும் பிஏஜி-க்குச் சொல்ல, அது முகுளத்தின் நடு–கீழ்ப்பகுதிக்குச் சொல்ல, அங்கிருந்து தண்டுவடப் பின்கொம்புக்கு இறங்கி வாசலை இறுக்கும். அதே பாதை திறக்கவும் செய்யும். முகுளத்தில் அடக்கும் செல்களும் உண்டு, கூட்டும் செல்களும் உண்டு. 2011-ல் ரெமிஃபென்டனில் (ஓபியாய்டு வலிநிவாரணி) சொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது 'மருந்து தொடங்கிவிட்டது' என்று சொன்னால் பலன் இரட்டிப்பானது. 'நிறுத்திவிட்டோம், வலி கூடலாம்' என்றால் மருந்து ஓடியும் பலன் மறைந்தது.

இப்போது ஒரு முரண். 2013-ல் வேகர் குழு நான்கு ஆய்வுகளில் 114 பேரை வைத்து உருவாக்கிய 'நரம்பியல் வலிக் கையொப்பம்' என்ற வடிவம், சூட்டு வலியையும் இளஞ்சூட்டையும் 94 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்தது, ரெமிஃபென்டனிலுக்குக் குறைந்தது. ஆனால் 2018-ல் 20 ஆய்வுகள், 603 பேர் தரவைத் திரட்டிப் பார்த்தால், பிளாசிபோவில் வலி மதிப்பெண் நன்றாகக் குறைகிறது, கையொப்பமோ மிகக் கொஞ்சம்தான் குறைகிறது. எனக்குத் தெரிந்தவரை இதைப் படிக்கும் சரியான முறை: அந்த வடிவம் வலியின் முழு அனுபவத்தை அளக்கவில்லை, கீழிருந்து ஏறி வரும் தூண்டலுக்கு அருகிலிருக்கும் பகுதியை அளக்கிறது. மதிப்பு, பொருள், நம்பிக்கை எல்லாம் அதற்கு வெளியே நடக்கின்றன.

வழக்கு, காப்பீடு விஷயங்களில் 'ஸ்கேனில் வலி தெரியவில்லை' என்று சொல்ல இதை எடுத்துப்போகிறவர்கள் உண்டு. 2017-ல் உலக வலி ஆய்வுச் சங்கத்தின் பணிக்குழு, ஒருவரது வலியை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ மூளைப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இயன்முறை_குறிப்பேடு

இதுவரை பேசியது எல்லாம் ஆரோக்கியமானவர்களின் 10 விநாடிச் சூடு. நாள்பட்ட வலியில் படமே மாறிவிடுகிறது, அங்கேதான் உணர்ச்சியின் பங்கு வெளிச்சமாகிறது.

2012-ல் அப்காரியன் குழு, முதுகுவலி தொடங்கிச் சில வாரமே ஆனவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தது. யாருக்கு வலி நிலைத்தது, யாருக்குத் தீர்ந்தது என்பதை முன்னறிவித்தது முதுகின் படம் அல்ல. நடு நெற்றிப் புறணிக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கும் (பரிசு, உந்துதலில் பங்கெடுக்கும் பகுதி) இடையே இருந்த இணைப்பின் வலு. ஆரம்பத்திலேயே 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. அடுத்த ஆண்டு வந்த தொடர்ச்சியில், வலி நாள்பட நாள்பட அதன் பிரதிபலிப்பு இன்சுலா, தலாமஸிலிருந்து உணர்ச்சிச் சுற்றுகளுக்கு நகர்ந்திருந்தது. 2023-ல் நான்கு நோயாளிகளின் மூளையில் மாதக்கணக்கில் மின்வாய் வைத்துப் பதிவு செய்தபோது, நாள்பட்ட வலியின் ஏற்ற இறக்கத்தைக் கண்குழி நெற்றிப் புறணி நன்றாகக் காட்டியது. திடீர்ச் சூட்டு வலிக்குச் சிங்குலேட்டுதான் அதிகம் பதிலளித்தது. நாலே பேர், ஜாக்கிரதை. ஆனால் திசை ஒத்துப்போகிறது.

சிகிச்சையில்: வலி மறுசெயலாக்க முறை என்ற உளவழிச் சிகிச்சையை 151 முதுகுவலிக்காரர்களிடம் சோதித்தார்கள், சிகிச்சை பெற்றவர்களில் 66 சதவீதத்தினர் வலியே இல்லை அல்லது ஏறக்குறைய இல்லை என்றார்கள். முதுகில் போட்ட பிளாசிபோ ஊசியில் 20, வழக்கமான கவனிப்பில் 10 சதவீதம். பங்கேற்றவர்கள் மிதமான, தெளிவான உடற்காரணம் இல்லாத வலிக்காரர்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நரம்பு நசுங்கிக் கால் மரத்தவரிடம் இந்த எண்ணைக் காட்டிப் பலனில்லை. 'எல்லாம் மனசுதான்' என்று நோயாளியிடம் சொல்வதற்கும் இதை எடுக்காதீர்கள். வலி மூளையில் பழகிப்போயிருக்கிறது என்பதும் வலி கற்பனை என்பதும் நேர்எதிர்.

செங்காந்தள்

மற்றவர் வலியைப் பார்க்கும்போது வரும் பதிலையும் ஒரு தொகுதியாகச் சேர்க்கலாமா?

முள்ளந்தண்டு

வேண்டாம், நேரம் தாங்காது. 2004-ல் 16 ஜோடிகளை வைத்துத் தானியா சிங்கர் குழு செய்ததில் துணைவருக்கு ஷாக் கொடுக்கும்போது முன் இன்சுலாவும் சிங்குலேட்டும் இயங்கின, உடலுணர்வுப் புறணி இல்லை. அப்போது 'அதே வலி' என்றார்கள். 2016-ல் வடிவமாகப் படித்தபோது தன் வலியும் பிறர் வலியும் பிரிந்துவிட்டன. மறுபக்கம், 2015-ல் பிளாசிபோ மாத்திரை தன் வலியோடு பிறர் வலிக்கான பரிவையும் குறைத்தது, ஓபியாய்டுத் தடுப்பு மருந்தான நால்ட்ரெக்ஸோன் அதைத் தடுத்தது. நிராகரிப்பு விவாதம் அப்படியே திரும்ப நடக்கும். தனி ஆய்வாக வையுங்கள்.

ஸ்கேனர்_கன்சோல்

எண்ணிக்கை விட்டுப்போனது. 20 பேர் போதாது. ஒருவருக்குள் வடிவத்தைப் பிரிப்பதற்கு ஒப்பேற்றலாம், ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டோடு தொடர்பு தேட ஒப்பேறாது. ஆட்களைக் கூட்ட முடியாவிட்டால் ஒருவருக்குத் தூண்டல்களைக் கூட்டுங்கள்: சூடு, ஒலி, படம் ஒவ்வொன்றிலும் நிலைக்கு எட்டு முதல் பத்து. ஓட்டம் 8 நிமிடத்துக்கு மேல் போனால் கவனம் போகும். வகைப்பாட்டை (எந்த வடிவம் எந்தத் தூண்டல் என்று கணினி பிரிப்பது) சோதிக்கும்போது ஒரே ஆளின் தரவு பயிற்சியிலும் சோதனையிலும் கலக்கக் கூடாது. முழு ஆளையே வெளியே வைத்துச் சோதியுங்கள். கிளஸ்டர் வரம்பை (அடுத்தடுத்த வோக்ஸல்களைக் கூட்டமாக எடுக்கும் புள்ளியியல் வரம்பு) தளர்வாக, 0.01 என்று வைத்தால் பொய்க் கண்டுபிடிப்பு எவ்வளவு எகிறும் என்று 2016-ல் எக்லுண்ட் குழு காட்டியிருக்கிறது, 0.001-ஐவிடத் தளர்த்தாதீர்கள் என்பதைவிட, வரிசைமாற்றச் சோதனையே (தரவின் பெயர்ச்சீட்டுகளைக் கலைத்துப்போட்டு ஒப்பிடுவது) போடுங்கள்.

செங்காந்தள்

திருத்திய வரைவு: அவரவர் அளவீடு, நான்கு இடம், மூன்று வகைத் தூண்டல் மூன்று நிலை, இரண்டு கோட்டளவு தனித் திரையில், மூச்சும் நாடியும் பதிவு, முழு ஆளை விலக்கிச் சோதனை. சராசரி ஒப்பீடு நீக்கப்பட்டது. ஒலியை எந்த அடிப்படையில் சமப்படுத்துவது, டெசிபெலிலா மதிப்பெண்ணிலா?

ஸ்கேனர்_கன்சோல்

தொல்லை மதிப்பெண்ணில். ஸ்கேனர் ஓடும்போதே அளவிடுங்கள், ஏனென்றால் அமைதியான அறையில் 70 கொடுத்த ஒலி ஸ்கேனர் இரைச்சலில் 40 ஆகிவிடும். காதுப்பஞ்சோடு ஹெட்ஃபோன் சேர்த்து எவ்வளவு டெசிபெல் உள்ளே போகிறது என்பதைத் தனியே அளந்து, செவிப் பாதுகாப்பு வரம்பைக் கோப்பில் போட்டுவிடுங்கள்.